உடோன் கொட்டாமல் குனிவது எப்படி

"டிவியப் பாத்து யாரும் குனிஞ்சு வணக்கம் சொல்ல மாட்டாங்க," என்றார் கசாமா.

"சொல்வாங்க," என்றேன்.

"மனுஷங்களுக்குச் சொல்வாங்க. டிவிக்கு எதுக்குச் சொல்லணும்? அது என்ன, மாமனாரா?"

"கசாமா-சான், நீங்க இப்பத்தான் போனுக்குக் குனிஞ்சீங்க."

எனொக்கிக்குப் புரையேறி, குடித்துக்கொண்டிருந்த பார்லி டீ கீபோர்டில் தெறித்தது. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சற்று முன்புதான் கசாமா ஜன்னலோரமாக நின்று டோக்கியோவில் இருக்கும் தன் மேலதிகாரியோடு போனில் பேசினார். ஒவ்வொரு 'ஆமாங்க'வுக்கும் சுவரைப் பார்த்து ஒரு குனிவு. கடைசி 'ரொம்ப நன்றிங்க'வுக்குக் குனிந்தபோது நெற்றி ஜெராக்ஸ் மெஷினில் இடித்து, மெஷின் ஒரு வெள்ளைத் தாளைத் துப்பியது. அந்தத் தாள் இன்னும் தட்டில் கிடந்தது.

"அது வேற," என்றார் கசாமா. "போன்ல அந்தப் பக்கம் ஆள் இருக்காங்க."

"இருந்தாலும் அவருக்குத் தெரியாதே."

"தெரியாதுன்னாலும் குரல்ல தெரியும்."

எங்கள் முதலாளி ஒகுமுரா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வாயை மூடு என்று அர்த்தம்.

எங்கள் கம்பெனி ஒசாகாவில், கூரை போட்ட ஒரு கடைத்தெருவின் மாடியில் இருக்கிறது. கம்பெனி என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தைதான். முதலாளி ஒகுமுரா, படம் வரைகிற எனொக்கி, புரோகிராம் எழுதுகிற குவாபாராவாகிய நான். அவ்வளவுதான் ஆட்கள். கீழே யசுயோ அக்காவின் ஒகொனொமியாக்கிக் கடை; மாவில் கோஸைக் கலந்து கல்லில் சுடுகிற எங்கள் ஊர் அடை. மதியமானால் சாஸ் வாசனை படியேறி வந்து எங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்துகொள்ளும். கசாமா டோக்கியோக்காரர். நாங்கள் செய்கிற விளையாட்டை அட்டைப்பெட்டியில் போட்டு ஊரெல்லாம் விற்கப்போகிற பெரிய கம்பெனியின் பிரிவுத் தலைவர். அதனால் அவர் சொல்வதுதான் சட்டம்.

விளையாட்டின் பெயர் 'உடோன் வருது'. ஒரு பையன் தோள்மேல் உடோன் என்கிற நூடுல்ஸ் சூப் கிண்ணங்களைக் கோபுரம்போல அடுக்கிக்கொண்டு, ஒரு கையால் சைக்கிள் ஓட்டி, சந்து சந்தாகப் போய் வீட்டுவாசலில் கொடுக்க வேண்டும். கன்ட்ரோலர் பட்டன்களில் சைக்கிளுக்கு இடது கட்டைவிரல், தோளுக்கு வலது கட்டைவிரல். வேறு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கிண்ணத்து சூப்பும் தனித்தனியாக அலைபாயும். திருப்பம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே தோளை லேசாகச் சாய்த்தால், சூப் விளிம்பு வரை ஏறி, வெளியே எட்டிப் பார்த்து, மனசு மாறித் திரும்பிப் போகும். அந்த எட்டிப் பார்க்கிற சூப்புக்காகத்தான் என் இரண்டு வருடம் போயிருக்கிறது. அதைச் செய்து முடித்த அன்று ஒகுமுரா ஒரு மணிநேரம் ஒரே திருப்பத்தில் போய்ப்போய் வந்தார். பாராட்டாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம்தான் ஆட்டுகிற காலம் வந்தது.

கையில் பிடித்து ஆட்டினால் திரையில் ஆடுகிற புது கன்ட்ரோலர் வந்த குளிர்காலம் அது. ஜப்பானே ஆடிக்கொண்டிருந்தது. மீன் பிடிக்க ஆட்டு, முட்டை அடிக்க ஆட்டு, கதவைத் திறக்க மணிக்கட்டைத் திருப்பு. ஒரு துப்பறியும் விளையாட்டில் கொலைகாரனைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது, மேஜை டிராயரைத் திறப்பதுதான் முடியவில்லை. பல் தேய்க்கிற விளையாட்டு ஒன்றும் வந்தது. எனொக்கியின் தம்பி அதில் பல் தேய்த்துக் கை வலித்துப்போய், நிஜப் பல்லைத் தேய்க்காமல் படுத்துவிட்டான். பட்டனைத் தட்டினால் ஒரு நொடியில் நடக்கிற காரியத்துக்கு மனுஷனை எழுப்பி நிற்க வைத்து, சோபாவை நகர்த்தச் சொல்லி, விளக்கில் இடிக்க வைத்து, அதற்குப் 'புதுமை' என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

கசாமாவுக்கும் புதுமை வேண்டியிருந்தது. கன்ட்ரோலரை உள்ளங்கையில் தட்டுமாதிரி படுக்க வைத்துக்கொள்ள வேண்டும். அது சாய்ந்தால் திரையில் கிண்ணமும் சாய வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன். கை சாய்ந்த சேதி கன்ட்ரோலருக்குப் போய், அங்கிருந்து டிவிக்கு வந்து சேர்வதற்குள் சைக்கிள் அடுத்த தெருவில் இருக்கும். போன தெருவின் திருப்பத்துக்காக சூப் இந்தத் தெருவில் கொட்டும்.

"அதுல ஒரு நிஜத்தன்மை இருக்கு," என்றார் கசாமா.

"சரி, சாய்க்கிறது இருக்கட்டும். வேணுங்கிறவங்க கட்டைவிரலாலயும் ஓட்டலாம்னு ஒரு வசதி மட்டும் வச்சுக்கிறேன்," என்று கெஞ்சினேன்.

"ரெண்டு வழி இருந்தா மக்கள் குழம்பிடுவாங்க. பெட்டி மேல போட ஒரே ஒரு படம்தான் இருக்கு. அப்பா, அம்மா, புள்ளைங்க எல்லாரும் கையில ஏந்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க. கட்டைவிரலப் படம் எடுத்துப் போட்டா யார் வாங்குவா?"

ஆக, கட்டைவிரல் போயிற்று. எட்டிப் பார்க்கிற சூப்பும் அதோடு போயிற்று. அது திரும்ப வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. அதற்கு ஒரு வழி, டிவிக்குக் குனிகிற விஷயத்தில் கிடைக்கும்போல இருந்தது.

விஷயம் முந்தின நாள்தான் வெளிப்பட்டது. அதுவரை விளையாட்டில் வருகிற வாடிக்கையாளர்கள் ஊமைகள். கதவைத் திறந்து, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மூடிவிடுவார்கள். நேற்றுதான் குரல்களைப் பதிவு செய்து சேர்த்தோம். நன்றி சொல்லும்போது தலை குனிகிறமாதிரி எனொக்கி படமும் வரைந்திருந்தான். சரியாக வருகிறதா என்று பார்க்க, வழக்கம்போல யசுயோ அக்காவைக் கூப்பிட்டோம்.

யசுயோ அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சட்டையின் முன்பக்கம் முழுக்க ஒரு புலி முகம். அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அத்தை என்று கூப்பிட்டால், வரும்போதெல்லாம் அவர் தருகிற மிட்டாய் அன்றைக்குக் கிடைக்காது. அவர் கன்ட்ரோலரை உள்ளங்கையில் ஏந்தி, எப்படியோ தட்டுத் தடுமாறி முதல் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். கதவு திறந்தது. கிழவர் ஒருவர் தலையை நீட்டினார்.

"அடடா, இந்தக் குளிர்ல உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேனே. ரொம்ப நன்றி," என்று குனிந்தார்.

"ஐயோ, இதுல என்னங்க சிரமம்," என்று அக்காவும் குனிந்தார்.

கன்ட்ரோலரும் கூடவே குனிந்தது. மேல் கிண்ணம் அப்படியே கிழவர் தலையில் கவிழ்ந்தது.

விளையாட்டில் வருகிற யாரும் கோபப்படக் கூடாது என்பது ஒகுமுராவின் பிடிவாதம். அதனால் கிழவர், உடோன் காதில் தொங்கத் தொங்க, "இல்லல்ல, வழியில நின்னது என் தப்பு," என்று இன்னும் ஆழமாகக் குனிந்தார்.

"என்னங்க இப்படிச் சொல்றீங்க, என் தப்புங்க," என்று அக்கா அவரைவிட ஆழமாகக் குனிந்தார். அடுத்த கிண்ணமும் போயிற்று. அவர் குனிய, இவர் குனிய, கோபுரம் மொத்தமும் வாசலில் ஓடியது.

"ஏம்மா குவாபாரா," என்று அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் மரியாதை குடுத்தா இது சூப்பக் குடுக்குது."

"டிவிக்கு எதுக்குக்கா குனிஞ்சீங்க?"

"அவரு குனிஞ்சாரே."

"அது பொம்மைக்கா."

"பொம்மையே குனியறப்ப நான் வெறச்சுக்கிட்டு நின்னா, என்னப் பத்தி அது என்ன நினைக்கும்?"

இதைத்தான் கசாமாவிடம் சொன்னேன். தட்டுமாதிரி ஏந்துகிற யோசனை இந்த நாட்டில் செல்லாது, விளையாடுகிறவர்கள் வாசலுக்கு வாசல் குனிவார்கள், கொட்டிக்கொண்டே இருப்பார்கள், கட்டைவிரலுக்கே திரும்பிவிடலாம் என்றேன். அவர் நம்பவில்லை.

"அது ஒசாகா ஆளுங்களோட பழக்கம்," என்றார். "விளம்பரப் பலகைக்கிட்டகூடப் பேசுவீங்க நீங்க."

"டோக்கியோக்காரங்க ஜெராக்ஸ் மெஷினுக்கு மட்டும்தான் குனிவாங்க," என்றான் எனொக்கி, கீபோர்டைத் துடைத்தபடி.

கசாமாவின் காது சிவந்தது. "நாளைக்கு எங்க டைரக்டர் தொகாஷி இங்க வர்றாரு. விளையாட்ட நானே அவருக்கு ஓட்டிக் காட்டப் போறேன். இந்த ரூம்ல யாராவது ஒருத்தர் டிவிக்குக் குனிஞ்சு கிண்ணத்தக் கொட்டினா, உங்க பட்டன நானே சேர்க்கச் சொல்றேன். கொட்டலைன்னா, பட்டன்கிற பேச்சே இனிமே இங்க வரக் கூடாது."

"சரி," என்றேன்.

"ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார் ஒகுமுரா.

மறுநாள் டைரக்டர் தொகாஷி வந்தார். குட்டையான, பேச்சே இல்லாத மனிதர். ஷூவைக் கழற்றிவிட்டுத் தரைமேல் திண்டில் உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். தூங்குகிறாரா பார்க்கிறாரா என்று தெரியவில்லை. கசாமா டிவிக்கு முன்னால் நின்று கன்ட்ரோலரை ஏந்தினார்.

முதல் வீட்டுக் கிழவர் கதவைத் திறந்து, "உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேனே," என்று குனிந்தார்.

கசாமா குனியவில்லை. ஆனால் அதற்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே. கழுத்து நரம்பு புடைத்தது. தாடை இறுகியது. ஒரு தோள் மட்டும் தனியாகக் குனியப் போய்த் திரும்பி வந்தது.

"முதுகுல தொடப்பக்கட்டையச் சொருகிட்டு வந்திருக்காரு," என்றான் எனொக்கி என் காதில்.

இரண்டாவது வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் குனிந்தாள். குழந்தையின் தலையையும் பிடித்துக் குனிய வைத்தாள். கசாமாவின் மூக்கு நுனியில் வேர்வை. "பரவால்லங்க," என்று பல்லுக்குள் முனகினார். உடம்பு அசையவே இல்லை. கிண்ணங்கள் அப்படியே நின்றன. டிவியில் ஒரு குழந்தை குனியும்போதுகூட நிமிர்ந்து நிற்க முடிகிறது என்றால், இந்த ஆள் என் கட்டைவிரலை உண்மையாகவே கொன்றுவிடுவார்.

கடைசி வாசல். பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியை கதவைத் திறந்தாள், குனிந்தாள், நன்றி சொன்னாள். கசாமா இரும்புத்தூண். கதவு மூடப் போனது.

பின்னாலிருந்து டைரக்டர் தொகாஷி அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். "கசாமா-குன், நிறைய உழைச்சிருக்கீங்க."

சட்டென்று திரும்பி, கால் இரண்டையும் சேர்த்து, இடுப்பிலிருந்து கீழே போனார் கசாமா. மூன்று வீட்டில் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து குனிந்தது. திரையில் மொத்தக் கோபுரமும் பாட்டு ஆசிரியையின் மேல் சரிந்தது.

"ஐயோ, என் தப்பு," என்றாள் ஆசிரியை, கொண்டையில் வெங்காயத்தாளோடு.

அப்போது அறையிலிருந்த எல்லோரும் பார்க்க, டைரக்டர் தொகாஷி டிவியை நோக்கித் தலை குனிந்து, "மன்னிச்சுக்கங்கம்மா, எங்க ஆளு," என்றார்.

டைரக்டரிடமிருந்து கெண்டி கொதிக்கத் தொடங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. கண்ணீரைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து, கசாமாவின் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கி, திரும்பவும் முதல் வீட்டுக்குப் போனார். கிழவர் குனிய அவரும் குனிந்தார். கொட்டியது. இன்னும் குனிந்தார். இன்னும் கொட்டியது. தன் டையின் நுனி தரையைத் தொடும்வரை அவர் நிறுத்தவில்லை.

"இதுதான்," என்றார் மூச்சு வாங்கியபடி. "இதைப் போடுங்க."

"எதை?" என்று கேட்டார் ஒகுமுரா.

"வாசல். ஆளு. குனியறது."

"சைக்கிள்?"

"சைக்கிள் எதுக்கு? அத எடுத்துடுங்க."

அவர் போன பிறகு கசாமா என்னிடம் வந்தார். முகத்தில் நேர்மை வழிந்தது. "நான் சொன்ன சொல்லக் காப்பாத்துவேன். டிவிக்குக் குனியறாங்க, ஒத்துக்கிறேன். விளையாட்டுல உங்க பட்டன் இருக்கும்."

"எதுக்கு?"

"ஆட்டத்த ஆரம்பிக்கிறதுக்கு."

இப்படித்தான் பந்தயத்தில் ஜெயித்தேன்.

நியாயமாகப் பார்த்தால் குனிகிற விளையாட்டு கேவலமாக இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் நானும் எனொக்கியும் 'சும்மா ஒரு தடவை' என்று ஆரம்பித்து, முதுகு பிடித்துக்கொள்ளும்வரை கிழவரோடு குனிந்தோம். யார் முதலில் நிறுத்துகிறார்களோ அவர்களுக்குத் தோல்வி. உங்கள் ஊர் தீபாவளிக் கூட்டத்தில் கால் மிதித்துக்கொண்ட இரண்டு பேர் மாறி மாறி மன்னிப்புக் கேட்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் அது தினமும் வாசலுக்கு வாசல் நடக்கும். அதை யாரோ பிடித்து விளையாட்டுக்குள் அடைத்த மாதிரி இருந்தது. அந்த யாரோ நானில்லை, கசாமாவில்லை, ஒருவருமில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். சொல்லிச் சாய்க்க வைத்தபோது கை வலித்தது. தானாகச் சாய்ந்தபோது சிரிப்பு வந்தது.

"குவா, உனக்குப் பிடிச்சிருக்கு," என்றான் எனொக்கி.

"மூடு."

"கழுத்துக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டே மூடுன்னு சொல்ற."

ஒகுமுரா டோக்கியோவுக்குப் போன் போட்டு, பேசிப் பேசி, ஒரே ஒரு சந்து மட்டும் வாங்கிக் கொடுத்தார். ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போக ஒரு குட்டைச் சந்து. ஒரே ஒரு திருப்பம். அதில் மட்டும் கட்டைவிரலால் சைக்கிள் ஓட்டலாம். சந்தின் கடைசியில் சுவர். ஊரின் மிச்சத்தை அழித்துவிடச் சொல்லியிருந்தார்கள். நான் அழிக்கவில்லை. சுவரை எழுப்பியதோடு சரி.

குனிவு விளையாட்டு தயாரானதும் கசாமா கடைசியாகச் சரிபார்க்க ஒசாகா வந்தார். பெட்டி மேல் போடுகிற படத்தையும் கொண்டு வந்திருந்தார். அப்பா, அம்மா, புள்ளைகள் எல்லோரும் டிவிக்கு முன்னால் குனிந்து நின்றார்கள். ஒருவர் முகமும் தெரியவில்லை.

"குடும்பத்துக்கே எதையோ காணோம் போல, தரையில தேடுறாங்க," என்றான் எனொக்கி.

கசாமா அதைக் காதில் வாங்காமல், "அந்தப் புலிச்சட்டை அம்மாவக் கூப்பிடுங்க. குனியறதுன்னா அவங்கதான்," என்றார்.

யசுயோ அக்கா கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து, எல்லோர் கையிலும் ஒரு மிட்டாயைத் திணித்தார். "குனிஞ்சு ஜெயிக்கிற விளையாட்டுக்கா இது," என்று நானே விளக்கினேன். "யாரு நல்லாக் குனியறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க."

"அப்படியா," என்றார் அக்கா. முகம் மாறிவிட்டது. முழங்காலை மடக்கி ஒழுங்காக உட்கார்ந்தார். சட்டையை இழுத்துவிட்டார், புலி நிமிர்ந்தது.

கதவு திறந்தது. "உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேனே," என்று கிழவர் குனிந்தார்.

அக்கா கன்ட்ரோலரை ஓரமாகக் கீழே வைத்தார். அது கோணலாக இருந்ததால் நேராக்கி வைத்தார். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி விரலைத் தொடுகிறமாதிரி, அழகாக, நிதானமாக ஒரு வணக்கம் வைத்தார். நான் பார்த்ததிலேயே சிறந்த வணக்கம் அது.

திரையில் உடோன் பையன் மரம்போல நின்றான். கிழவரின் முகம் வாடிற்று. "இந்தக் காலத்துப் பசங்க," என்று முணுமுணுத்துக் கதவைச் சாத்தினார். தோல்வி என்று எழுத்து வந்தது.

"என்னங்க இது அநியாயமா இருக்கு," என்றார் அக்கா.

"அம்மா, கையில வச்சுக்கிட்டே குனியணும்," என்றார் கசாமா.

"கையில சாமான வச்சுக்கிட்டா? என்னை அப்படியா வளத்திருக்காங்க?"

"முன்னாடி அப்படித்தான் குனிஞ்சீங்களாமே."

"அன்னிக்கு அவரு திடீர்னு குனிஞ்சுட்டாரு, நான் பதறிட்டேன். இன்னிக்குக் குனியறதுன்னு சொல்லித்தானே உக்கார வச்சிருக்கீங்க? சொல்லிட்டுச் செய்யறத ஒழுங்கா செய்ய வேணாமா?"

கசாமா என்னைப் பார்த்தார், நான் எனொக்கியைப் பார்த்தேன். அவன் மிட்டாயைக் கடித்தான்.

"திரையில ஒரு குறிப்புப் போடலாமா?" என்றார் கசாமா மெதுவாக. "'தயவுசெய்து மரியாதை இல்லாமல் குனியவும்'னு?"

அவரே தலையை ஆட்டி அதை வேண்டாம் என்றார்.

அக்கா அதற்குள் கன்ட்ரோலரை எடுத்து, வாசலை விட்டுவிட்டுச் சந்துக்குள் போயிருந்தார். கோபத்தில் போனவர், திருப்பத்தில் கொஞ்சம் தாமதித்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார். இரண்டு கட்டைவிரல்களும் மெதுவாக, மாவுக்குள் கோஸைக் கலக்குகிற கையின் அதே பக்குவத்தோடு நகர்ந்தன. சூப் விளிம்பு வரை ஏறி எட்டிப் பார்த்தது.

"ஏய்," என்றார் சூப்பைப் பார்த்து. "உள்ள போ."

போயிற்று.

கீழே கடையில் யாரோ கூப்பிட்டார்கள். "வர்றேன், வர்றேன்," என்றார். எழுந்திருக்கவில்லை. அதே திருப்பத்தில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். ஒரு வாசலிலும் உடோன் கொடுக்கவில்லை. கடைசியில் சுவரில் போய் முட்டி நின்றார்.

"இந்தச் சொவத்துக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா," என்றேன்.

கசாமா அக்காவின் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "குவாபாரா-சான்," என்றார். "ஊர அழிச்சிட்டீங்களா?"

"அழிக்கச் சொல்லியிருந்தீங்க."

"அத நான் கேக்கல."

"அழிக்கல."

அவர் ஜன்னலோரமாகப் போய் டைரக்டருக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் பேசினார். சுவரைப் பார்த்துக் குனிந்துகொண்டே பேசினார், ஜெராக்ஸ் மெஷின் இன்னொரு தாளைத் துப்பியது. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வந்து, "சொவத்த எடுத்துடுங்க," என்றார். "சைக்கிள் கட்டைவிரல்லயே ஓடட்டும். குனியறது சொல்லாம கொள்ளாம ஏதாவது ஒரு வாசல்ல மட்டும் வரட்டும். எந்த வாசல்னு என்கிட்டகூடச் சொல்லாதீங்க."

நான் குனிந்தேன். ரொம்ப ஆழமாக. நல்லவேளை, கையில் எதுவும் இல்லை.

இங்கே முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கசாமா ஷூவை மாட்டிக்கொண்டே படியில் நின்று திரும்பினார்.

"அடுத்த வருஷம் வர்ற கன்ட்ரோலர்ல மைக் இருக்காம். உடோன் சூடா இருக்குல்ல, அத வாயால ஊதி ஆற வச்சா எப்படி இருக்கும்?"

"போச்சு," என்றான் எனொக்கி.

"கேவலமா இருக்கும்," என்றேன் நான். டிவிக்கு முன்னால் உட்கார்ந்து எச்சில் தெறிக்க ஊதுகிற குடும்பம், பெட்டி மேல் கன்னம் உப்பிய அப்பா, மூச்சுத் திணறுகிற தாத்தா, எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன. எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். சுவரை எடுத்தேன். ஊர் முழுக்கத் திறந்தது. கட்டைவிரலால் ஒரு கிண்ணத்தைக் கடைசித் தெருவரை கொட்டாமல் கொண்டுபோய் வைத்தேன். அதிலிருந்து எனொக்கி வரைந்த ஆவி வளைந்து வளைந்து எழும்பியது. அறையில் யாருமில்லை. கன்ட்ரோலரில் மைக்கும் இல்லை.

ஆனாலும் உதட்டைக் குவித்து லேசாக ஊதிவிட்டேன்.

நீங்களே சொல்லுங்கள். என்னிடம் யாரும் ஊதச் சொல்லவில்லையே, அப்படியென்றால் இது அந்தக் குனிவு மாதிரிதானே? நீங்களாக இருந்தால் ஊதியிருப்பீர்களா, மாட்டீர்களா?